இத்தாலிப் பணக்காரர் வீட்டுக்குப் போன என் கட்டில்

நான் இத்தாலியில் இருந்தது சில மாதங்கள்தான். அதுவும் மிலானில், ஒரு கண்ணாடிக் கட்டடத்துக்குள், அம்பத்தூர் எஸ்டேட்டில் உட்கார்ந்து செய்யும் அதே வேலையை அங்கே உட்கார்ந்து செய்தேன். ஊர் பார்த்தேன் என்று சொல்லிக்கொள்ள ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை உண்டு. கூட வேலை பார்த்த பெண் ரயிலில் பிளாரன்ஸுக்கு அழைத்துப் போனாள். பெரிய கோவில்களில் எல்லாம் வரிசை தெருமுனை வரைக்கும் நின்றது. வரிசையே இல்லாத இடமாகப் பார்த்து ஒரு பழைய வீட்டுக்குள் நுழைந்தோம். பல நூறு வருஷத்துக்கு முன்னால் கம்பளி வியாபாரம் செய்த பணக்காரக் குடும்பத்தின் வீடு. அந்தக் காலத்தில் எப்படி இருந்ததோ அப்படியே வைத்திருக்கிறார்கள்.

பணக்கார வீடு என்றால் உள்ளே சாமான் நிறைந்திருக்கும் என்று நினைத்துப் போனேன். அறைகள் காலியாகக் கிடந்தன. நாற்காலி ஒன்றிரண்டு, நீளமான பெட்டிகள் சில, ஒரு கட்டில். சுவர்களில்தான் செலவு செய்திருந்தார்கள். துணி தொங்கவிட்ட மாதிரியே சுவர் முழுக்கச் சித்திரம், கொக்கியும் மடிப்பும்கூட வரைந்ததுதான். ஒரு அறையின் சித்திரத் துணி முழுக்கக் கிளிகள். ஜன்னலில் கண்ணாடிக்குப் பதிலாக மெழுகும் எண்ணெயும் தோய்த்த துணி கட்டுவார்களாம். சமையலறை எல்லாவற்றுக்கும் மேலே, கடைசி மாடியில். தீப்பிடித்தால் வீடு முழுக்க எரியாது, புகையும் கீழே வராது என்பதற்காகவாம். கிணறு வீட்டுக்குள்ளேயே. ஒவ்வொரு மாடியிலும் அதற்கு ஒரு சின்னக் கதவு, அங்கிருந்தே வாளியை இழுத்துக்கொள்ளலாம்.

ஊருக்குத் திரும்பியதும் இதை நான் ஒரே ஒருத்தரிடம்தான் சொன்னேன். எங்கள் கத்தோலிக்கக் கோவிலின் பாடகர் குழுவில் என் பக்கத்தில் நின்று பாடும் அக்கா. பூசை முடிந்து ஷேர் ஆட்டோவுக்காக நிற்கும்போது, பேச வேறு ஒன்றும் இல்லாமல் சொன்னேன்.

"மேல சமையல்னா தண்ணி யாரு தூக்குறது?" என்றார்.

கிணற்றுக் கதவைப் பற்றிச் சொன்னேன்.

"அப்போ நம்ம ஃபிளாட்டுக்கு அது பரவால்ல" என்றார். ஆட்டோ வந்தது, ஏறிவிட்டோம். பேச்சு அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன்.

எங்கள் பங்குக் கோவில் பட்டாபிராம் பக்கம் இருக்கிறது. பங்கின் பாதுகாவலர், இத்தாலியில் ஒரு பெரிய துணி வியாபாரியின் மகனாகப் பிறந்து, அப்பாவின் சொத்தையெல்லாம் உதறிவிட்டுப் பிச்சைக்காரராகப் போன புனிதர். திருவிழாவில் தேர்பவனிக்கு முந்தின நாள் சாயங்காலம் அவருடைய கதையை நாடகமாகப் போடுவார்கள். எழுதி இயக்குகிறவர், ஆவடியில் ஒரு தொழிற்சாலையில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வுபெற்றவர். பங்கில் சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவர் டைரக்டர் சார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நான் வெளியே வருவதற்குள் வாசலில் வந்து நின்றுகொண்டார்.

"என்னம்மா, இத்தாலி போய்ட்டு வந்திருக்க, ஒரு வார்த்த சொல்லல?"

"ஆஃபீஸ் வேலையா போனேன் சார்."

"புனிதர் வீட்டுக்கே போயிருக்கியாமே!"

"அது அவர் வீடு இல்ல சார். வேற ஊரு, வேற ஆளு. அதுவும் அவர் காலத்துக்கு ரொம்பப் பின்னாடி கட்டினது."

"இத்தாலிதான?"

"இத்தாலிதான்."

"துணி வியாபாரிதான?"

"கம்பளி சார். ஆனா…"

"முடிஞ்சு போச்சு. முதல் காட்சி, பணக்கார அப்பா வீடு. அந்த செட் இந்த வருஷம் உன் பொறுப்பு. இத்தன வருஷமா எது இத்தாலின்னு தெரியாமயே போட்டுட்டிருந்தோம். இனிமே யாரும் ஒரு குத்தம் சொல்லக் கூடாது."

பாடகர் அக்கா சற்றுத் தள்ளி நின்று, எனக்குப் பெரிய உபகாரம் செய்துவிட்ட முகத்தோடு சிரித்தார். முடியாது என்று அந்த நிமிடமே சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அந்த வீட்டைப் பற்றி யாராவது கேட்க மாட்டார்களா என்று எனக்கும் ஒரு ஆசை இருந்தது.

முதல் கூட்டம் பங்கு அலுவலகத்தில். டைரக்டர் சார், நான், அக்கா, பிறகு அப்பா வேடம் போடுகிறவர். அவருக்கு அம்பத்தூரில் ஃபர்னிச்சர் கடை. நல்ல உயரம், நல்ல குரல், நாடகத்துக்கு ஆகும் செலவில் பெரும்பங்கும் அவருடையது. ஆகவே அப்பா வேடம் எல்லா வருஷமும் அவருக்குத்தான். அம்மா வேடம் அக்காவுக்கு. நான் பார்த்ததை ஆதியோடு அந்தமாகச் சொன்னேன். செல்போனில் இருந்த படங்களையும் காட்டினேன். கடைசியில், "மேடை நடுவுல கட்டில் வரணும் சார்" என்றேன்.

டைரக்டர் சார் பேனாவைக் கீழே வைத்தார். "ஹால்லயா?"

"ஹால்னு தனியா கெடையாது சார். பெரிய மனுஷங்க விருந்தாளிய படுக்கையறைலயே உட்கார வச்சுப் பேசுவாங்க. அவங்க வீட்ல இருக்குறதுலயே வெல ஒசந்த பொருள் கட்டில்தான். திரை, மெத்தை, கம்பளி எல்லாம் சேர்த்து. அதப் பாத்தாதான் வந்தவனுக்கு இவன் பணக்காரன்னு தெரியும்."

"கோவில் மேடைல கட்டிலா? திரை வேறயா? பாக்குறவன் என்னம்மா நெனப்பான்?"

"சார், அதுல யாரும் படுக்கப் போறதில்ல."

"படுக்கலன்னாலும் கட்டில் கட்டில்தாம்மா."

ஃபர்னிச்சர் கடைக்காரர் தொண்டையைச் செருமினார். "நம்ம கடைல புதுசா ஒரு சோஃபா செட் வந்திருக்கு. பேரே இத்தாலியன் சோஃபாதான். மெரூன் கலர், கைப்பிடில தங்கக் கலர் வேலப்பாடு. அத நடுவுல போட்டு, மேல ஒரு சாண்ட்லியர் மாட்டினா அம்சமா இருக்கும்."

அந்தக் காலத்தில் சோஃபா என்ற ஒன்றே இல்லை, பணக்காரர்களும் பெட்டி மேல்தான் உட்கார்ந்தார்கள் என்று விளக்கினேன். "பாவம்" என்றார். உண்மையாகவே அவர்களுக்காகப் பரிதாபப்பட்டார்.

விவகாரம் பங்குத் தந்தையிடம் போனது. எங்கள் ஃபாதர் இளைஞர். யாரையும் நோகடிக்காமல் தீர்ப்புச் சொல்லப் பார்ப்பார், அதனால் எல்லோரும் நொந்துபோய்த்தான் திரும்புவார்கள். இரண்டு பக்கத்தையும் கேட்டுவிட்டு, "கட்டில் இருக்கட்டும், தலையணை வேண்டாம்" என்றார்.

தலையணை இல்லாத கட்டில் ஆஸ்பத்திரிக் கட்டில் மாதிரி இருக்கும் என்று நான் சொன்னது அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. அடுத்த கூட்டத்துக்கு எழுந்துவிட்டார்.

கட்டிலுக்கு எங்கே போவது என்று பேச்சு வந்தபோது அக்காதான், "உன் வீட்லயே இருக்கே, நாலு பக்கமும் கம்பம் வச்சது" என்றார். அது என் கல்யாணத்துக்கு அப்பா மார்த்தாண்டத்தில் செய்து லாரியில் அனுப்பிய தேக்குக் கட்டில். மூலைக்கு மூலை கொசுவலைக் கம்பம். பருத்திப்பட்டு ஏரிப் பக்கத்து ஃபிளாட்டில் எங்கள் படுக்கையறைக்குள் அதை நுழைக்கவே கதவைக் கழற்ற வேண்டியிருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் டைரக்டர் சார் "தேங்க்ஸ்மா" என்று சொல்லி முடித்துவிட்டார்.

வீட்டில் என் கணவர் அதிகம் பேசுகிறவர் இல்லை. விஷயத்தைச் சொன்னதும் லேப்டாப்பை மூடிவிட்டு என்னைப் பார்த்தார்.

"நீ இத்தாலிக்குப் போனதுக்கு நான் ஏன் தரைல படுக்கணும்?"

இரண்டு நாள் கழித்து ஒரு குட்டி யானை வண்டி வந்து கட்டிலை ஏற்றிக்கொண்டு போனது. கம்பங்கள் வண்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. அபார்ட்மெண்ட் செக்யூரிட்டி வீட்டைக் காலி பண்ணுகிறோமா என்று கேட்டார்.

அத்தோடு போகவில்லை. அந்தக் காலத்துப் பணக்கார வீட்டில் கட்டிலுக்கு அடுத்த முக்கியமான பொருள் நீளமான மரப்பெட்டி. கல்யாணப் பெண்ணின் துணிமணி அதில்தான் வரும். வெளிப்பக்கம் முழுக்கச் சித்திரமும் பொன்பூச்சும் இருக்கும். அப்படி ஒரு பெட்டிக்கு அலைந்து கடைசியில் கோவிலிலேயே கண்டுபிடித்தேன். கிறிஸ்துமஸ் குடில் சிலைகளான சுரூபங்களை வைக்கும் பெட்டி, சரியான நீளம். ஆனால் கோவில் சாமான்களுக்குப் பொறுப்பான கோவில்பிள்ளை தரமாட்டேன் என்றார். சுரூபங்களைத் தரையில் வைக்க முடியாது, ஒரு காது உடைந்தாலும் தன் தலைதான் உருளும் என்றார். பத்திரமாக நானே வைத்துக்கொள்கிறேன் என்று சொல்லித் தொலைத்தேன்.

அன்றிலிருந்து எங்கள் ஹாலில் மூன்று ராஜாக்களும், ஒட்டகமும், மாடும், ஏழெட்டு ஆடும், மாதாவும், சூசையப்பரும் இருந்தார்கள். டிவி ஸ்டாண்டுக்கு இரண்டு பக்கமும் இடையர்கள். வேலைக்கு வரும் பெண், சுரூபம் இருக்கும் இடத்தில் துடைப்பம் போடமாட்டேன் என்று அந்தப் பக்கம் பெருக்குவதை நிறுத்திவிட்டார். என் கணவர் ஆஃபீஸ் வீடியோ மீட்டிங்கில் பேசிக்கொண்டிருந்தபோது பின்னால் ஒட்டகம் தெரிந்திருக்கிறது. அவருடைய மேனேஜர் கேட்டிருக்கிறார். அன்று ராத்திரி சாப்பிடும்போது அவர் ஒன்றுமே பேசவில்லை. அவர் பேசாததை வைத்துக் கோபத்தைக் கண்டுபிடிப்பது கஷ்டம்தான், ஆனால் அன்று அப்பளத்தைக்கூட உடைக்காமல் சாப்பிட்டார்.

செட் போடுகிறவர் பூந்தமல்லிக்காரர். கல்யாணம், கட்சி மாநாடு, கோவில் விழா எல்லாவற்றுக்கும் மேடைத் திரை வாடகைக்கு விடுகிறவர். அவருடைய கொட்டகைக்குப் போனபோது ஒரு திரையை விரித்துக் காட்டினார். தூண்கள், மயில்கள், நடுவில் சிங்க ஆசனம்.

"இது ராஜா ஊடு மேடம். இத்தயே போட்டுக்கலாம்."

"இது மைசூர் அரண்மனை மாதிரி இருக்கு அண்ணா. நமக்கு இத்தாலி வேணும்."

"பணக்காரன் ஊடு எல்லா ஊர்லயும் ஒண்ணுதான் மேடம். தூணு இல்லாம இன்னா பணக்காரன்?"

செல்போனில் இருந்த கிளி அறைப் படத்தைக் காட்டினேன். இரண்டு விரலால் பெரிசாக்கி, தூரத்திலும் பக்கத்திலும் வைத்து வெகுநேரம் பார்த்தார். "சொவுத்துல துணி மாட்னா மாதிரி வரையணும். அதுல கொக்கியும் வரையணும். அதான?" என்றார். அதேதான் என்றேன். இத்தனை நாளில் எனக்குக் கிடைத்த முதல் நல்ல பதில். சந்தோஷத்தில் ஜன்னல் சமாச்சாரத்தையும் சொன்னேன்.

"கண்ணாடி கெடையாதா? துணி கட்டிகினு இருந்தானா? அப்பறம் எப்டி பணக்காரன்றீங்க?"

"அந்தக் காலத்துல அவ்வளவு பெரிய கண்ணாடி செய்யுறதே கஷ்டம் அண்ணா."

"அப்போ என் ஊடு அவன் ஊட்ட விட பெட்டரு" என்று சொல்லிவிட்டு வேலையாட்களைப் பார்த்துச் சிரித்தார்.

ஒரு வாரம் கழித்துத் திரையைப் பார்க்கப் போனேன். துணி மடிப்பு, கொக்கி, ஓரத்துச் சிவப்புப் பட்டை எல்லாம் அழகாக வந்திருந்தன. கிளிகளும் வந்திருந்தன. ஒவ்வொரு கிளியின் வாயிலும் ஒரு மாங்காய்.

"அண்ணா, அங்க மாங்கா கெடையாது."

"கிளின்னா வாய்ல எதுனா இருக்கணும் மேடம். சும்மா குந்திகினு கீற கிளி பாக்க நல்லாருக்காது."

"அழிச்சிட முடியுமா?"

"அழிச்சா மூஞ்சிய சேத்துதான் அழிக்கணும். பரவால்லயா?"

மாங்காயோடு இருக்கட்டும் என்று வந்துவிட்டேன். வரும் வழியெல்லாம் என்னையே திட்டிக்கொண்டு வந்தேன்.

ஒத்திகை தினமும் ஆறு மணிக்கு, கோவில் மைதானத்தில் இருக்கும் சிமெண்ட் மேடையில். ஆஃபீஸை முடித்து ஓடிப்போய் நிற்பேன். பக்கத்துத் தண்டவாளத்தில் எக்ஸ்பிரஸ் ரயில் போகும்போதெல்லாம் நடிகர்கள் வசனத்தை நிறுத்தி, வாயைத் திறந்தபடியே காத்திருந்து, அது போனதும் விட்ட இடத்தில் தொடர்வார்கள். அதில் மட்டும் யாருக்கும் எந்தக் கருத்து வேறுபாடும் இல்லை.

மற்ற எல்லாவற்றிலும் இருந்தது. சமையலறை மாடியில் என்று நான் சொன்னது டைரக்டர் சாருக்குத் திடீரென்று பிடித்துப்போனது. மகன் வீட்டை விட்டுப் போகும்போது அம்மா மாடியிலிருந்து ஓடி வருகிற மாதிரி மாற்றி எழுதினார். மூன்று படிகள் செய்து மேடை ஓரத்தில் வைத்தார்கள். அந்தப் படி எங்கும் போகாது. அக்கா திரைக்குப் பின்னால் ஒரு ஸ்டூலில் ஏறி, அங்கிருந்து படிக்கு வந்து, இறங்க வேண்டும்.

"எனக்கு முட்டி வலி. இத்தாலி கிச்சன் கீழயே இருந்துட்டுப் போகட்டும்" என்றார் அக்கா.

"அக்கா, உண்மைல மேலதான் இருந்துச்சு."

"உண்மைலயே முட்டி வலிக்குதும்மா."

அவருக்கு அந்த வீட்டில் பிடித்தது ஒன்றே ஒன்றுதான். பிள்ளை பெற்ற பெண்ணுக்குக் கோழி ரசமும் இனிப்பும் வைத்துக் கொடுப்பதற்கென்றே படம் வரைந்த மரத்தட்டு செய்வார்களாம், பிறகு அதைச் சுவரில் மாட்டி வைப்பார்களாம் என்று சொன்னேன். "எனக்கு ரெண்டு பிரசவத்துக்கும் ஒரே சொம்புலதான் கஷாயம். அந்தச் சொம்பு இப்போ பாத்ரூம்ல இருக்கு" என்றார். தட்டு வேண்டும் என்று அவரே அடம்பிடித்தார். ஒரு பழைய கேரம் போர்டின் மேல் வட்டமாகப் படம் வரைந்து தொங்கவிட்டேன். தூரத்திலிருந்து பார்த்தால் தட்டு, பக்கத்தில் போனால் மூலைகளில் நான்கு ஓட்டைகள்.

கடைசி ஒத்திகைக்குப் போனால் மேடை நடுவில் மெரூன் சோஃபா இருந்தது. பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. என் கட்டிலை ஓரத்துக்குத் தள்ளியிருந்தார்கள். கம்பங்களிலும் கால்களிலும் தங்கப் பெயிண்ட் அடித்திருந்தார்கள்.

"யாரு அடிச்சது?" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

டைரக்டர் சார்தான். பணக்காரக் களை போதவில்லையாம். "கழுவினா போயிடும்மா" என்றார். அது எனாமல் பெயிண்ட்.

நான் பையை எடுத்துக்கொண்டு கேட் வரைக்கும் வந்துவிட்டேன். ஃபர்னிச்சர் கடைக்காரர் பின்னாலேயே வந்தார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். "தங்கச்சி, உனக்குத் தெரியாததா? வருஷம் பூரா கடைல உக்காந்திருக்கேன். இந்த ஒரு நாள்தான் என் கடைய ஊரு பாக்குது. கட்டில நடுவுல போட்டுக்கோ. சோஃபாவ மட்டும் தூக்காத" என்றார். மூஞ்சியில் பாதி மேக்கப்போடு அவர் கெஞ்சியதைப் பார்த்தபோது என் கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

திரும்பிப் போய் ஒரு வழி செய்தேன். நாடகத்து அப்பா துணி வியாபாரிதானே? சோஃபா மேல் புடவைகளையும் போர்வைகளையும் மடித்து அடுக்கி, துணிக்கட்டுகளின் குவியல் மாதிரி ஆக்கினேன். அக்கா வீட்டுப் புடவைகள், என் புடவைகள், பூசைப் பொருட்கள் வைக்கும் சக்கிரீஸ்து அறையிலிருந்து பழைய பீடத்துணிகள். கைப்பிடி ஒன்று கொஞ்சம் தெரியட்டும் என்று விட்டேன். கட்டிலை நடுவில் இழுத்துப்போட்டு, வெள்ளை விரிப்பு விரித்து, கம்பங்களில் சிவப்புத் திரை கட்டினேன். கீழே இறங்கி மைதானத்தின் பின்வரிசையில் போய் நின்று பார்த்தேன். மாங்காய்க் கிளிகளையும் தாண்டி, ஏதோ ஒரு பழைய வீடு மாதிரிதான் இருந்தது. அடுத்த நிமிடமே யாரோ கட்டில் மேல் மைக் ஸ்டாண்டைப் போட்டார்கள்.

நாடகத்தன்று மழை வரும் போல இருந்தது, வரவில்லை. மைதானம் நிறைந்துவிட்டது. என் கணவரும் வந்து, கட்டில் நன்றாகத் தெரிகிற மாதிரி முன்பக்கம் உட்கார்ந்தார். திரை விலகியதும் கூட்டத்தில் ஒரு சலசலப்பு. "இன்னாடா, ஹால்ல கட்டிலு போட்டுகீறாங்க?" என்று எனக்குப் பின்னால் ஒருவர் சத்தமாகவே கேட்டார். "பணக்காரங்க இல்ல, அப்டிதான் போடுவாங்க" என்று பக்கத்தில் இருந்தவர் பதில் சொன்னார். நான் ஒரு மாதமாக டைரக்டர் சாருக்கு விளக்கியதை அவர் ஒரு வரியில் முடித்துவிட்டார்.

மகன் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். அப்பாவுக்கும் மகனுக்கும் வாக்குவாதம். "தந்தையே! உமது பட்டும் பொன்னும் எனக்குப் பாரம்!" என்று மகன் சொல்ல, அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பெட்டி மேல் உட்கார வேண்டும். ஆனால் வருடக்கணக்காக சோஃபா விற்கிறவருக்குப் பழக்கதோஷம். நேராகத் துணிக்குவியல் மேல் தொப்பென்று விழுந்தார். பிளாஸ்டிக் உறை கிறீச்சிட்டது. புடவைகள் ஒவ்வொன்றாகச் சரிந்தன. மெரூன் சோஃபாவும், அதன் முதுகில் ஒட்டியிருந்த கடைப் பெயர் அட்டையும் வெளியே வந்தன. மைதானம் முழுக்கச் சிரிப்பு. விசில் வேறு. அவர் எழப் பார்த்தார், சோஃபா உள்ளே இழுத்தது. மகன் வேடம் போட்ட பையன் கல்லூரி மாணவன், சிரிப்பை அடக்க முடியாமல் வசனத்தை மறந்து வெளியே போய்விட்டான். இன்னும் இரண்டு பக்க வசனம் பாக்கியிருந்தது.

அக்கா அப்போதுதான் படியில் இறங்கிக்கொண்டிருந்தார். மகனைத் தடுத்து அழ வேண்டும். தடுக்க மகன் இல்லை. மேடை நடுவில் வந்து நின்றார். கூட்டம் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தது. பக்கவாட்டில் டைரக்டர் சார் "அழு, அழு" என்று கையை ஆட்டினார். அக்கா அழவில்லை. கட்டிலைப் பார்த்தார். மகன் அதுவரை உட்கார்ந்திருந்த இடத்தில் விரிப்பு கசங்கி, ஒரு ஓரம் கீழே தொங்கியது. குனிந்து அதை எடுத்தார். உள்ளங்கையால் சுருக்கத்தை நீவினார், தலைமாட்டிலிருந்து கால்மாடு வரைக்கும் மெதுவாக. ஓரத்தை மெத்தைக்கு அடியில் செருகினார். அந்தப் பக்கம் போய் அங்கேயும் செருகினார். பிறகு மகன் உட்கார்ந்திருந்த இடத்தில் மறுபடி ஒருமுறை கையை வைத்து நீவிவிட்டு, அப்படியே நின்றார்.

சிரிப்பு எப்போது நின்றது என்று எனக்குத் தெரியவில்லை. எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பெண்கள் முந்தானையை வாயில் வைத்திருந்தார்கள். சோஃபாவில் மாட்டிக்கொண்டிருந்த அப்பாகூட அசையவில்லை. திரை போட்டார்கள்.

மறுநாள் தேர்பவனி முடிந்ததும் கட்டில் வீட்டுக்கு வந்தது. தின்னரை ஊற்றி ஊற்றித் தேய்த்தும் தங்கப் பெயிண்ட் பாதிதான் போனது. மீதி மரத்தின் வரிகளுக்குள் இறங்கிவிட்டது. என் கணவர் பனியனோடு உட்கார்ந்து ஒரு நாள் முழுக்கத் தேய்த்தார். "உங்கப்பாவுக்குத் தெரிய வேண்டாம்" என்பதை மட்டும் இரண்டு முறை சொன்னார். டைரக்டர் சாரிடம் நான் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர் அதைக் கவனிக்கவே இல்லை. விரிப்பு நீவும் காட்சி தன்னுடைய யோசனை என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். ஃபர்னிச்சர் கடைக்காரரிடம் அந்த சோஃபாவைக் கேட்டு மூன்று பேர் போனார்களாம்.

அடுத்த ஞாயிறு ஷேர் ஆட்டோவுக்கு நிற்கும்போது அக்காவிடம் மனசு விட்டுச் சொன்னேன். "அக்கா, நீங்க அந்த விரிப்ப நீவினீங்களே, அதுக்கு ஊரே அழுதுச்சு. எப்படித் தோணிச்சு?"

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"தோணுறது என்ன? நீ விரிச்ச லட்சணம் அப்படி. ஒரு பக்கம் இழுத்து, ஒரு பக்கம் தொங்க விட்டு. மேல படியில நிக்கும்போதே கண்ண உறுத்துச்சு. அழணும்னு ஞாபகமே இல்ல. இத்தன பேரு பாக்குறாங்க, வீடு இப்படிக் கெடக்கேன்னு எனக்கு ஒரே எரிச்சல்."

ஒரு மாதமாக எரிச்சல்பட்டவள் நான் ஒருத்திதான் என்று நினைத்திருந்தேன். ஆட்டோ வந்தது. அக்கா முட்டியைப் பிடித்துக்கொண்டு முதலில் ஏறி, எனக்கு இடம்விட்டு உள்ளே தள்ளி உட்கார்ந்தார்.